அந்தச் சான்றிதழ் எந்த கேட்டைத் திறக்கும்?

வியாசர்பாடியில் இரவுப் பள்ளி நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பகுதிக்கு ஒரு சமுதாயக் கல்லூரி வேண்டும், அதில் தொழிற்படிப்புகள் வேண்டும் என்று மனு கொடுக்கப் போகிறோம். கூட்டத்தில் பாதிப் பேர் சரி என்கிறார்கள். மீதிப் பேர், 'நம்ம புள்ளைங்களுக்கு மட்டும் ஏன் ஸ்பேனரு? மறுபடியும் குலக்கல்வியா?' என்று கேட்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? மனுவில் என்னென்ன கேட்க வேண்டும்?"

தம்பி, எதிர்க்கிறவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் மனுவில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். நான் 31 வருடம் ஐடிஐகளில் வெல்டர் ட்ரேடுக்குப் பயிற்றுநராக இருந்தவன். ஓய்வு பெற்றபின் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரியில் 6 வருடம் மாலை வகுப்பு எடுத்தேன். தொழிற்கல்வி வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. ஆனால் எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தப்பாகக் கேட்டால் நாலு தையல் மிஷினும் வாசலில் ஒரு போர்டும் கிடைக்கும். இரண்டு வருடத்தில் அறை பூட்டிக் கிடக்கும். அப்படிப் பூட்டிய அறைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

முதலில் குலக்கல்வி. 1953இல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான். மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். ஊரே கொதித்தது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அந்தத் திட்டத்தில் இரண்டு கேடு இருந்தது. யாருக்கு எந்தத் தொழில் என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. அதற்காகப் பிள்ளையின் படிப்பு நேரத்தையும் பிடுங்கிக்கொண்டது. இந்த இரண்டும் இல்லாத தொழிற்கல்வியைத்தான் கேட்கிறோம் என்று கூட்டத்தில் சொல்லுங்கள். வாயால் சொன்னால் மட்டும் போதாது, மனுவைப் படித்தாலே அது தெரிய வேண்டும்.

ஏனென்றால் அதே கேடு இன்று வேறு உருவத்தில் நடக்கிறது. அடையாறில் ஒரு பையன் கணக்கில் தோற்றால் டியூஷன் வைக்கிறார்கள். புளியந்தோப்பில் ஒரு பையன் கணக்கில் தோற்றால், "இவன ஐடிஐல போடுங்கம்மா" என்கிறார்கள். இரண்டு பேரும் வாங்கியது ஒரே மார்க்தான். பதினோராம் வகுப்பில் தொழிற்பிரிவு 1978இல் மேல்நிலைக் கல்வி வந்ததிலிருந்தே நம் மாநிலத்தில் இருக்கிறது. நல்ல யோசனை. ஆனால் பல பள்ளிகளில் அது மார்க் குறைந்தவர்களைத் தள்ளிவிடும் மூலையாகிவிட்டது. விருப்பப்பட்டு அந்தக் குரூப்பை எடுத்தேன் என்று சொன்ன பிள்ளைகளை என் வகுப்பில் விரல் விட்டு எண்ணிவிடலாம். கூட்டத்தில் எதிர்க்கிறவர்களின் கோபம் இதைப் பார்த்து வந்த கோபம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒரு அப்பா என்னிடம் ஒருமுறை சொன்னார்: "சார், என் முதுகு போனது போதும். அவனுக்காவது நாற்காலி வேணும்." அந்த மனுஷனிடம் உழைப்பின் பெருமையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அவருக்கு நான் காட்டியது ஒரு தாளில் எழுதிய வழி. பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருட ஐடிஐ முடித்தவர், தமிழும் ஆங்கிலமும் மட்டும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வாக எழுதித் தேறினால் பிளஸ் டூ முடித்ததற்குச் சமம். அதே இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். அதாவது ஸ்பேனர் பிடித்த கை பிறகு நாற்காலியிலும் உட்காரலாம், இடையில் சம்பாதிக்கவும் செய்யலாம். பி.வோக். என்ற தொழிற்பட்டப் படிப்பும் இந்தக் கணக்கில்தான் வடிவமைக்கப்பட்டது. ஒரு வருடம் முடித்து நின்றால் டிப்ளமோ, இரண்டு வருடத்தில் மேம்பட்ட டிப்ளமோ, மூன்று முடித்தால் பட்டம். வீட்டுக் கஷ்டத்தில் நடுவில் நிற்க வேண்டி வந்தாலும் கையில் ஒரு தாள் இருக்கும், பிறகு வந்து தொடரலாம். மேலே ஏறும் படி இல்லாத எந்தப் படிப்பையும் நம் பிள்ளைகளுக்குக் கேட்காதீர்கள். "இந்தப் படிப்பை முடித்தவர் அடுத்து எதில் சேரலாம்?" என்ற கேள்விக்கு அதிகாரி எழுத்தில் பதில் தர வேண்டும். குலக்கல்வியா என்று கேட்பவருக்கு நீங்கள் காட்ட வேண்டியது அந்தக் கடிதத்தைத்தான்.

சரி, ஐடிஐ இருக்கும்போது சமுதாயக் கல்லூரி எதற்கு? பலருக்கு அந்தப் பெயரே புதிதாக இருக்கும். அமெரிக்காவில் 1901இல் ஜோலியட் என்ற ஊரில் தொடங்கிய ஜூனியர் காலேஜ்தான் இதற்கு மூலம். அந்த வட்டாரத்து மக்களுக்கு, அந்த வட்டாரத்து வேலைக்கு, குறைந்த செலவில் இரண்டு வருடப் படிப்பு. முடிந்தால் அங்கிருந்து பல்கலைக்கழகம். இந்தியாவில் 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் முதல் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. அடுத்த வருடமே சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் இங்கே ஒன்றைத் தொடங்கியது. ஏசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை சேவியர் அல்போன்ஸ் இந்த யோசனையை ஊர் ஊராகக் கொண்டுபோனார். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இப்படிப்பட்ட கல்லூரிகளை அங்கீகரித்து டிப்ளமோ கொடுத்தது. 2013இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஏற்கனவே இருக்கும் கல்லூரிகளுக்குள்ளேயே சமுதாயக் கல்லூரி நடத்த நிதி தரும் திட்டத்தை அறிவித்தது. இந்தக் கடைசித் தகவலைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

ஐடிஐ பகல் நேரப் படிப்பு. பள்ளி முடித்த கையோடு வருகிற பிள்ளைக்கு அது பொருந்தும். பத்தாவதில் நின்று, மூலக்கொத்தளத்தில் டீக்கடையில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்ட பையனுக்கு? கல்யாணமாகி இரண்டு குழந்தைகளோடு இருக்கும் பெண்ணுக்கு? அவர்களுக்கு மாலையில், நடந்து போகும் தூரத்தில், வயது கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் இடம் வேண்டும். சமுதாயக் கல்லூரியின் உயிரே அதுதான்.

இன்னொன்றும் உண்டு. அங்கே முதல் சில வாரங்கள் வாழ்க்கைத் திறன் என்று ஒரு பாடம் நடத்துவார்கள். எப்படிப் பேசுவது, எப்படி விண்ணப்பம் எழுதுவது, கோபத்தை எப்படி அடக்குவது என்றெல்லாம். பட்டறையில் ஓட வேண்டிய நேரம் வீணாகிறதே என்று ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்புறம் ஒரு பையனை நேர்காணலுக்கு அழைத்துப் போனேன். கை வேலை தங்கம். "எங்கிருந்து வர்றே?" என்று கேட்டதும் தலை குனிந்துவிட்டான். வியாசர்பாடி என்று சொன்னால் வேலை போய்விடும் என்று அவனுக்குப் பயம். பைக் லோனுக்கும் வாடகை வீட்டுக்கும் முகவரியைச் சொல்லித் தோற்றவன் அவன். அன்றிலிருந்து அந்த வாரங்களைக் குறைக்கச் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது இடத்தைப் பற்றி. சென்னை வரைபடத்தை எடுத்து விரித்துப் பாருங்கள். மணலியில் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், பக்கத்திலேயே வல்லூர் அனல்மின் நிலையம். எண்ணூரில் அசோக் லேலண்டும் காமராஜர் துறைமுகமும். திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., ராயல் என்ஃபீல்டு. பெரம்பூர் பக்கம் ரயில்வே ஒர்க்‌ஷாப்புகள், 1955 முதல் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். இந்தப் பக்கம் சென்னைத் துறைமுகம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம். ஊருக்கே மின்சாரமும் பெட்ரோலும் கொடுக்கும் வேலைகள் வடக்கே நடக்கின்றன. இந்த வேலைகளைச் சொல்லித்தரும் பெரிய நிலையங்களோ தெற்கே இருக்கின்றன. மத்திய பாலிடெக்னிக் தரமணியில், பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கான சிப்பெட் கிண்டியில், பயிற்றுநர்களுக்கே பயிற்சி தரும் மத்திய அரசு நிலையமும் கிண்டியில். எண்ணூரிலிருந்து தரமணி போய்வர நாளில் நாலு மணி நேரம் போய்விடும். வடசென்னைக்கு ஐடிஐ உண்டு, புரசைவாக்கத்தில் அரசு பாலிடெக்னிக்கும் உண்டு. இத்தனை லட்சம் மக்களுக்கு அது காணாது. 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபிறகு பயணம் கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். மாணவனின் பையில் தினமும் அந்தக் காசு இருக்க வேண்டுமே.

புகையையும் சாம்பலையும் மூச்சில் வாங்குகிற மக்களுக்கு அந்தத் தொழிற்சாலை கேட்டுக்குள் மரியாதையான வேலை கிடைக்க வேண்டாமா? இன்று நம் பையன்கள் உள்ளே போகிறார்கள், காண்ட்ராக்டில் ஹெல்பராகப் போகிறார்கள். சுத்திகரிப்பு ஆலையிலோ மின் நிலையத்திலோ ஷட்டவுன் வேலை, அதாவது ஆலையை நிறுத்திவைத்துப் பழுது பார்க்கும் வேலை, வரும்போது கவனியுங்கள். சான்றிதழ் வைத்திருக்கும் வெல்டர்கள் வெளியூரிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வந்து தங்குகிறார்கள். நம் பையன் அவர்களுக்கு கிரைண்டிங் பிடித்துக் கொடுக்கிறான். வருகிறவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவர்கள் வேலை கற்று வந்திருக்கிறார்கள். நம்மவனுக்கு ஏன் கற்றுக்கொடுக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இது எனக்குத் தெரிந்த தொழில் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். தட்டையான பிளேட்டில் வெல்டிங் போடத் தெரிந்தவன் கிரில் கடையில் வேலை பார்க்கலாம். ஆலைக்குள் போக வேண்டுமானால் பைப் வெல்டிங் வேண்டும். அதில் உச்சமான பரீட்சை 6ஜி. குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது, வெல்டர்தான் வளைந்து நெளிந்து சுற்றிலும் போட வேண்டும். கீழிருந்து, பக்கவாட்டில், தலைக்கு மேலே என்று எல்லா நிலையும் ஒரே ஜாயிண்ட்டில் வந்துவிடும். பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். பாய்லர் வேலை என்றால் இந்திய பாய்லர் விதிகளின்படி வெல்டர் தனியாகத் தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். இதில் தேறியவனின் கூலியும் கிரில் கடைக்காரனின் கூலியும் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடியவை அல்ல. "வெல்டிங் பயிற்சி வேண்டும்" என்று மனுவில் எழுதினால் பிளேட்டோடு நிறுத்திவிடுவார்கள். "6ஜி வரை பைப் வெல்டிங், தகுதித் தேர்வுக் கட்டணத்துடன்" என்று எழுதுங்கள். இந்த ஒரு வரி வித்தியாசத்தில் ஒரு குடும்பத்தின் கதை மாறும்.

சான்றிதழ் விஷயத்தில் நான் பட்ட வருத்தம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என்னிடம் மாலை வகுப்பில் படித்த எர்ணாவூர்ப் பையன் ஒருவன், ஐடிஐ முடித்தவர்களைவிட நன்றாக வேலை செய்வான். ஒரு பெரிய நிறுவனத்தின் அப்ரண்டிஸ் தேர்வுக்கு அவனை அனுப்பினேன். கேட்டிலேயே தாளைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவனிடம் இருந்தது ஒரு வருட டிப்ளமோ. அவர்கள் கேட்டது என்.சி.வி.டி. சான்றிதழ், அதாவது ஐடிஐ முடித்தவர்களுக்குத் தேசிய அளவில் தரும் தாள். அவன் வெல்டிங்கை யாரும் பார்க்கவே இல்லை. அந்த டிப்ளமோவை நம்பி வகுப்பெடுத்த நான் அன்று இரவு தூங்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், எந்தப் படிப்பாக இருந்தாலும் முதல் கேள்வி: இந்தச் சான்றிதழ் எந்த கேட்டைத் திறக்கும்? ரயில்வே அப்ரண்டிஸ் அறிவிப்புகளை எடுத்துப் படியுங்கள். ஐடிஐ பிரிவில் நிற்க என்.சி.வி.டி. அல்லது மாநில அளவிலான எஸ்.சி.வி.டி. சான்றிதழ் கேட்பார்கள். ஐ.சி.எஃப். அறிவிப்பில் பத்தாவது முடித்த புதியவர்களுக்கும் தனிப் பிரிவு இருக்கும், அது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரிவதே இல்லை. வீட்டு ஒயரிங் வேலையை அனுபவத்தில் கற்ற அண்ணன்களுக்கு, அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது. 21 வயதும் 5 வருட அனுபவமும் இருந்தால் எழுதலாம். ஒரு சமுதாயக் கல்லூரி செய்ய வேண்டிய மிக எளிய வேலை, இப்படிப்பட்ட 30 பேரை உட்காரவைத்து மூன்று மாதம் தயார் செய்து அந்தத் தேர்வை எழுத வைப்பது. பெரிய மிஷின் எதுவும் வேண்டாம்.

நர்சிங் என்ற பெயரில் நடப்பதைப் பற்றி மட்டும் கடுமையாகச் சொல்கிறேன். ஒரு வருட உடல்நல உதவியாளர் படிப்பு நல்ல படிப்புதான், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைக்கும். ஆனால் அதைப் படித்தவர் நர்ஸ் ஆக முடியாது, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. இதைச் சொல்லாமல் "நர்சிங் டிப்ளமோ" என்று பணம் வாங்கிச் சேர்க்கும் இடங்கள் உண்டு. என் உறவுக்காரப் பெண் ஒருத்தி நகையை அடகு வைத்துச் சேர்ந்தாள். படித்து முடித்த பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. உங்கள் மனுவால் வரும் கல்லூரி இந்தப் பாவத்தைச் செய்யக் கூடாது. ஒவ்வொரு படிப்பின் விண்ணப்பத்திலும், முடித்தவர் என்ன வேலைக்குப் போகலாம், எதற்குப் போக முடியாது என்று தமிழில் அச்சடிக்க வேண்டும் என்று கேளுங்கள்.

பெண்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. தொழிற்பயிற்சி என்றதும் பெண்களுக்குத் தையலும் அழகுக்கலையும் என்று அதிகாரிகளின் பேனா தானாக எழுதிவிடும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி வியாபாரம் இருக்கும்வரை தையலுக்கு மதிப்பு உண்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என் வகுப்பில் வெல்டிங் கற்ற பெண்கள் பலர் ஆண்களைவிடச் சீராக வெல்டிங் கோடு போட்டார்கள், பொறுமைதான் காரணம் என்று நினைக்கிறேன். ஏசி மெக்கானிக், கணினி வழி ஓடும் சி.என்.சி. மிஷின் இயக்குபவர், தர ஆய்வு, ஆய்வகத் தொழில்நுட்பம் என்று எல்லாவற்றிலும் பெண்களுக்கு இடம் கேளுங்கள். வகுப்பு முடிந்து ராத்திரி 8 மணிக்குப் பத்திரமாக வீடு போக வெளிச்சமும் பஸ்ஸும் கேளுங்கள். கழிப்பறை கேளுங்கள். பட்டறைக் கட்டடங்களில் பெண்கள் கழிப்பறை இல்லாததாலேயே நின்றுபோன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

காசிமேட்டுக்கு என்று எனக்கு ஒரு தனி ஆசை இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த 61 நாளில் வலை பின்னுகிறார்கள், படகைப் பழுது பார்க்கிறார்கள், நிறைய இளைஞர்கள் சும்மாவும் இருக்கிறார்கள். அந்த நாட்களுக்குள் முடிகிற மாதிரி டீசல் இன்ஜின் பராமரிப்பு, ஐஸ் பிளாண்ட் குளிரூட்டல், ஜி.பி.எஸ்., கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் போன்ற கருவிகள் பழுது பார்ப்பது என்று ஒரு படிப்பு நடத்தலாம். இன்ஜின் நடுக்கடலில் நின்றால் அதை ஓட வைக்கத் தெரிந்த ஒரு ஆள் படகில் இருப்பது உயிர் காக்கும் விஷயம். குளிரூட்டல் கற்றவன் துறைமுகத்தில் ரீஃபர் என்ற குளிரூட்டிய கண்டெய்னர் வேலைக்கும் போகலாம். கல்லூரி காலண்டரைக் கடலைப் பார்த்து வகுப்பது வட்டாரக் கல்லூரியால் மட்டுமே முடியும்.

படிக்கிற காலத்தில் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். இதை மறந்த திட்டம் எதுவும் வடசென்னையில் நிற்காது. அரசு ஐடிஐயில் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5இல் நம் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இவை ஐடிஐ, டிப்ளமோ, பட்டப்படிப்புக்கு உண்டு. சமுதாயக் கல்லூரி மாணவருக்கும் இவை உண்டு என்பதை எழுத்தில் உறுதி செய்யச் சொல்லுங்கள். அதோடு அப்ரண்டிஸ். 1961ஆம் வருடத்து அப்ரண்டிஸ் சட்டமும் 2019இல் திருத்திய விதிகளும் சொல்வது, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆட்களின் எண்ணிக்கையில் குறைந்தது 2.5 சதவீதம் அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும். 2019 விதிகளின்படி படிப்புக்கு ஏற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகை. கல்லூரி தொடங்கும் முன்பே சுற்றிலும் உள்ள நிறுவனங்களோடு அப்ரண்டிஸ் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

எல்லாரும் கட்டடத்தைக் கேட்கிறார்கள், திறப்பு விழாவுக்கும் கட்டடம்தான் தோதாக இருக்கிறது. வகுப்பை நடத்துவது வெல்டிங் ராடும் பிளேட்டும். ஒரு பையனின் கை திருந்த வேண்டுமானால் குறைந்தது ஆயிரம் ராடாவது எரிக்க வேண்டும், இது என் அனுபவக் கணக்கு. கல்லூரியில் மாதத்துக்கு ஒரு பெட்டி ராடு கொடுத்து 20 பேருக்குப் பிரிக்கச் சொன்னார்கள். ஒருவன் போட மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். வேடிக்கை பார்த்து யாரும் வெல்டர் ஆனதில்லை. ஆகவே மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்று மூலப்பொருள் செலவைத் தனித் தலைப்பில் கேளுங்கள். அடுத்தது பயிற்றுநர் சம்பளம். மதிப்பூதியம் என்று கொஞ்சம் காசு கொடுத்தால், நல்ல தொழிலாளி ஆறு மாதம் வந்துவிட்டு ஆலைக்கே திரும்பிப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் இந்தப் பகுதியில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பின்னி மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்தவர்கள், லோகோ ஒர்க்ஸ் ஃபிட்டர்கள், பவர் ஹவுஸ் ஆபரேட்டர்கள். 1918இல் இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பெரம்பூரில் கட்டிய தொழிலாளர்களின் வாரிசுகள் அவர்கள். பட்டம் இல்லை என்பதற்காக அவர்களைப் பயிற்றுநர் பட்டியலிலிருந்து தள்ளிவிடாத விதி வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள், நீங்களே சொல்லுங்கள். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. மணலியிலும் எண்ணூரிலும் யாரெல்லாம் இயங்குகிறார்கள் என்று நமக்குத் தெரியும். மாநில அரசு 71 அரசு ஐடிஐகளை 2,877 கோடி ரூபாயில் டாட்டா டெக்னாலஜிஸோடு சேர்ந்து நவீனப்படுத்தியது. ஆக அரசுக்கு இதில் மனம் இல்லாமல் இல்லை. வடசென்னை வளர்ச்சித் திட்டம் 1,000 கோடி என்று 2023இல் அறிவிக்கப்பட்டு, பிறகு பல மடங்கு பெருகியது. கொளத்தூரில் 2024இல் படிக்கவும் வேலை செய்யவும் முதல்வர் படைப்பகம் திறந்தார்கள், பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள், பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. அதே அக்கறையோடு ஒரு பட்டறைக் கூடமும் வரட்டும்.

புதிய கட்டடத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம். மானியக் குழுவின் 2013 திட்டத்தைக் குறித்து வைக்கச் சொன்னேனே, அதன் சாரம் இருக்கும் கல்லூரிக்குள் சமுதாயக் கல்லூரி என்பதுதான். வியாசர்பாடியில் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயா கல்லூரி இருக்கிறது. மாலையில் அந்த வகுப்பறைகள் காலியாக இருக்கும் நேரத்தைக் கேளுங்கள், வளாகத்தில் ஒரு ஷெட் போட இடம் கேளுங்கள். இதில் நான் பெரிதாக மதிக்கும் லாபம் ஒன்று உண்டு. பி.ஏ. மாணவனும் ஃபிட்டர் மாணவனும் ஒரே கேட் வழியாக உள்ளே போவார்கள், ஒரே கேன்டீனில் டீ குடிப்பார்கள். ஸ்பேனர் பிடிப்பவன் கல்லூரி மாணவன் என்று அவன் தெருவுக்கே தெரியும்.

மனுவைக் கொடுக்கும் இடம் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகை, திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். கலெக்டருக்கு ஒன்று, வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறைக்கு ஒரு நகல், தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்துக்கு ஒரு நகல், உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு ஒன்று. ரசீது வாங்காமல் வராதீர்கள். அதற்கு முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய் ஒரு கணக்கு எடுங்கள்: 16 முதல் 30 வயது வரை எத்தனை பேர், எதுவரை படித்தார்கள், இப்போது என்ன செய்கிறார்கள், எந்தத் தொழில் கற்க விருப்பம், எந்த நேரம் வர முடியும். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். 300 வீட்டுக் கணக்கோடு போகிற மனுவை அதிகாரி ஓரமாக வைக்க யோசிப்பார். கணக்கெடுக்கப் போகும்போது அந்த எதிர்க்கிற நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் கேள்வி மனுவில் இருக்க வேண்டும் என்பதை அவர்களே எழுதட்டும்.

இன்னொரு நிபந்தனையும் சேர்த்துவிடுங்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்து ஒவ்வொரு மாணவரும் எங்கே இருக்கிறார், என்ன சம்பளம் என்று கல்லூரி வருடாவருடம் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற எண்ணை எல்லாரும் காட்டுவார்கள். நமக்கு வேண்டியது இந்த எண்.

வெல்டிங், ஃபிட்டர் இரண்டுக்கும் மிஷின் பட்டியலும் ஒரு மாணவருக்கான மூலப்பொருள் கணக்கும் நான் எழுதித் தருகிறேன். ஏசி ட்ரேடுக்கு என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்டு வாங்குகிறேன். வீட்டுக் கணக்கு முடிந்ததும் நோட்டோடு வாங்க தம்பி, உட்கார்ந்து எழுதிவிடலாம்.